கரடி இல்லாமல் போவது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தபோது, "இனிமே கரடி கிடையாது மாப்ள" என்றார். கை கழுவினார், துண்டில் துடைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அலுவலகத்தில் ஒரு வேலையை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தியை யாரும் அந்தக் குரலில் சொல்வதில்லை.

அந்தக் குரல் என்னை விடவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர் வாயைக் கிளறிக் கிளறி நான் சேர்த்தது கொஞ்சம். மீதியை நானே போட்டு நிரப்பினேன். எது அவருடையது, எது என்னுடையது என்று போகப் போகச் சொல்கிறேன், முடிந்தவரை.

மச்சான் வனவிலங்குத் தொல்லை தடுப்பு அலுவலகத்தில் ஓட்டுநர். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. கரடிகள் இறங்கி வந்து குப்பைத் தொட்டிகளைக் கவிழ்க்கும், கடைகளின் பின்கதவைப் பிறாண்டும். ஒரே கரடி திரும்பத் திரும்ப வந்தால், பெரிய இரும்புக் குழாய் போன்ற கூண்டில் தேன் தடவிய ரொட்டியை வைத்துப் பிடிப்பார்கள். கால்நடை டாக்டர் மயக்க ஊசி போட்டு, காதில் எண் எழுதிய மஞ்சள் வில்லையைக் குத்துவார். பிறகு அந்தக் கூண்டை வண்டியின் பின்னால் மாட்டி, மச்சான் பகல் முழுக்க ஓட்டிக்கொண்டு போய் வெகுதூரத்துக் காட்டில் இறக்கிவிட்டு வருவார்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அலுவலகத்துக்கு எதிரே ஒற்றை அறையில் இருக்கிறார். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நான் போனால் எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவர் கட்டிலில் உட்காருவார். என் மனைவியும் கூட வந்தால் யாராவது ஒருவர் நிற்கவேண்டும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

2

நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

"இருட்டு அசைந்துகொண்டிருந்தது. கரடிக்குக் காது வலித்தது. தன்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அது —"

இதோடு நின்றுவிட்டது. என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"கரடிக்குக் காது வலிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? காலையிலேருந்து எனக்குத் தலைவலி. அது தெரியல உங்களுக்கு."

மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து அந்தத் தாளைக் கசக்கிப் போட்டேன்.

இரண்டாவது தொடக்கத்தை அலுவலக ஆணையிலிருந்து எடுத்தேன். "பிடிபட்ட விலங்கு, மனித நடமாட்டம் இல்லாத தொலைதூர வனப்பகுதியில் விடுவிக்கப்பட வேண்டும்." மச்சான் இந்த வாக்கியத்தைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்.* ஆனால் 'மனித நடமாட்டம் இல்லாத' என்ற இடம் வந்ததும் தொண்டையைச் செருமுவார். மூன்று ஞாயிறு கவனித்தேன், மூன்றிலும் செருமினார். பிறகுதான் கேட்டேன். அங்கே ஒருவர் இருந்தார்.

(* ஆணையின் உண்மையான சொற்கள் வேறாக இருக்கலாம். அவர் ஒப்பித்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.)

3

கதைக்குள் வந்துவிட்டால் அவர் ஓட்டுநர். வீட்டுக்குள் இருக்கும்போது மச்சான். நான் குழம்பாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு.

ஓட்டுநர் முதல்முறை அந்தக் காட்டுக்குப் போன நாள். மண்பாதை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தார். பின்னால் கூண்டின் கதவு மேலே ஏறியது. வழக்கமாகக் கரடி அம்புபோலப் பாய்ந்து ஓடும். இது ஓடவில்லை. ஹாரன் அடித்தார். வண்டியின் பக்கத்தகட்டைத் தட்டினார். கூண்டுக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது மறுபக்கக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

"உங்க ஆளு இறங்க மாட்டேங்கிறாரா?"

பச்சைக் குடை பிடித்த ஒரு பெண் — (குடை நான் கொடுத்தது. மச்சான் திருத்தினார்: "குடையெல்லாம் கிடையாது மாப்ள. பிளாஸ்டிக் கோட்டு. முழங்கையில ஒட்டுப் போட்டது.") — ஒட்டுப்போட்ட மழைக்கோட்டு அணிந்த ஒரு பெண் நின்றிருந்தார்.

"யாருங்க நீங்க? கூண்டு திறந்திருக்கு, உள்ள கரடி இருக்கு! மொதல்ல வண்டியில ஏறுங்க!"

அவர் நிதானமாக ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"எந்த ஊர்க்காரரு?"

"யாரு, நானா?"

"பின்னால இருக்கிறவரு."

"டவுன்ல, பேக்கரிக்குப் பின்னால பிடிச்சது."

"பேக்கரியில இருந்தவர இங்க கொண்டாந்து விட்டா எப்படிங்க இறங்குவாரு? மனசு வர வேணாமா?"

அவர் வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். மேட்டுக்கு அந்தப்பக்கம் தகரக்கூரை போட்ட சின்னக் கட்டடம். மழையளப்பது, காற்றின் வேகத்தைக் குறிப்பது, காலையில் அதை வயர்லெஸ்ஸில் தலைமையகத்துக்குச் சொல்வது. மறுமுனையில் இருப்பவர் "சரி, அடுத்தது" என்பார். அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார். ஒரு நாளைக்கு அவர் காதில் விழும் மனிதக் குரல் அந்த இரண்டு சொற்கள். முதலில் இரண்டு பேராகத்தான் அங்கே அனுப்பினார்கள். மற்றவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், அவருக்குப் பதில் யாரும் வரவில்லை.

"நீங்களும் மாத்தல் கேக்கலாமே?" என்று ஓட்டுநர் கேட்டிருக்கிறார்.

"கேட்டேன். பதில் வரல. அப்புறம் கேக்க மறந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. நான் கேட்டது வேறு: "அந்தக் கரடி எப்பதான் இறங்குச்சு?"

மச்சான் ஜன்னலைப் பார்த்தார். "அத நான் பாக்கல மாப்ள. பேசிக்கிட்டே இருந்தோம். திரும்பிப் பாத்தா கூண்டு காலி."

அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது.

4

ஓட்டுநர் அவருக்கு 'மழைக்காரம்மா' என்று பெயர் வைத்தார். நேரில் கூப்பிட்டதில்லை. மனசுக்குள்தான்.

கரடி பிடிபட்டால் போவார். போகும்போது வெங்காயம், உருளைக்கிழங்கு, டார்ச்சுக்கு பேட்டரி, பழைய செய்தித்தாள் கட்டு எல்லாம் எடுத்துக்கொள்வார். செய்தித்தாளை அந்த அம்மா தேதி வரிசைப்படி அடுக்கித்தான் படிப்பார். ஒரு விபத்துச் செய்தியைப் படித்துவிட்டு, அடிபட்டவர் பிழைத்தாரா என்று தெரிய அடுத்த கரடி வரும்வரை காத்திருப்பார். வண்டி மேடேறும் சத்தம் கேட்டால் டீக்குத் தண்ணீர் வைப்பார். கரடியை இறக்கிய பிறகு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து குடிப்பார்கள், வெளியே கரடி இருக்கும் என்பதால். கரடி போய் வெகுநேரம் ஆன பிறகும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள்.

என்ன பேசினார்கள்? இங்கே எனக்கு நல்ல உரையாடல் தேவைப்பட்டது. ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். நட்சத்திரம், தனிமை, வாழ்க்கை என்று ஓடியது. மச்சான் படித்துவிட்டு, "யாரு மாப்ள இவங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார். கிழித்துப்போட்டேன். அவர்கள் பேசியது இவ்வளவுதான்: டவுனில் எந்தக் கடை மூடியது, யார் வீட்டு மாடியில் இன்னொரு மாடி எழும்புகிறது, தகரக்கூரையில் எந்த இடத்தில் ஒழுகுகிறது. ஒருமுறை அவர் கூரைமேல் ஏறித் தார் பூசிக் கொடுத்திருக்கிறார்.

என் மனைவிக்கு இதெல்லாம் புதிது. அண்ணனுக்குப் பெண் பார்த்து ஓய்ந்தவள் அவள். "ரோட்டையே கட்டிக்கிட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"அண்ணன் அங்க சிரிச்சாராமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"சிரிச்சதா எழுதியிருக்கேன்."

"நீங்க எழுதினதக் கேக்கல."

5

இப்போது ஒரு சங்கடமான விஷயம்.

ஊரில் வீட்டோரம் தின்று பழகிய கரடியைக் காட்டில் கொண்டு விட்டால் அது என்ன செய்யும்? வீட்டைத் தேடும். அந்தக் காட்டில் இருந்தது ஒரே வீடு. இறக்கிவிட்ட கரடிகள் கொஞ்ச நாளில் மழைக்காரம்மாவின் வாசலுக்கு வந்தன. ஜன்னலை முகர்ந்தன. அந்த அம்மா தட்டைத் தட்டிக் கூச்சல் போட்டு விரட்டினார். ஒரு கரடி அடுக்களை ஜன்னலையே பெயர்த்துவிட்டது. பலகை வைத்து ஆணி அடித்தார்.

ஓட்டுநர் அடுத்தமுறை போனபோது பலகையைப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"காத்துல உடைஞ்சிடுச்சு."

பலகைக்குப் பக்கத்துச் சட்டத்தில் நகக்கீறல் ஆழமாக இருந்தது. கரடியின் கீறலைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருடையது.

"ஆமா, இங்க காத்து ஜாஸ்திதான்" என்றார்.

அலுவலகத்துக்குத் தெரிந்தால் இறக்கும் இடத்தை மாற்றிவிடுவார்கள். இருவருக்கும் அது தெரியும். இருவரும் காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடித்தார்கள்.

இதற்கு மேல்தான் கதை படுத்துக்கொண்டது. எனக்கு ஒரு முடிச்சு வேண்டியிருந்தது. யோசித்து யோசித்து நானே ஒன்றைப் போட்டேன்:

[வெகுநாளாகக் கரடி எதுவும் பிடிபடவில்லை. கூண்டு கொட்டகையில் சும்மா கிடந்தது. ஓட்டுநர் ஒருநாள் சாயங்காலம் கடைத்தெருவின் பின்சந்தில் நடந்தார். பேக்கரியின் குப்பைத்தொட்டி மூடியை மெல்லத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.]

படித்ததும் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கண்ணன் அப்படிச் செய்ற ஆளா? சோறு போட்டு உக்கார வச்சு, வாயப் பிடுங்கி, கடைசியில அவர் தலையிலயே குப்பையக் கொட்டுறீங்களா? எடுங்க அத."

"கதைதானே."

"கதைன்னா? படிக்கிறவங்க எங்கண்ணனத்தான நெனைப்பாங்க?"

எடுக்கவும் மனசில்லை, வைக்கவும் தைரியமில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டுவைத்தேன். மேலே நீங்கள் பார்த்தது அதுதான்.

6

இனி வருவது மச்சான் சொன்னது. என் சரக்கு இதில் கிடையாது.

கடைசித் தடவை போனபோது மழைக்காரம்மா டீக்குத் தண்ணீர் வைக்கவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஓட்டுநர் இறங்குவதற்குள் கிட்டே வந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் மஞ்சள் வில்லை.

"ஓடைப் பக்கம் கிடந்துச்சு. எலும்பும் தோலுமா. சின்னதுதான், பொட்டை."

ஓட்டுநர் வாங்கிப் பார்த்தார். எண்ணைப் படித்தார்.

"இது எங்கிட்ட வந்துச்சுங்க" என்றார் அந்த அம்மா. "நாலஞ்சு தடவ வந்துச்சு. வாசல்ல உக்காந்துக்கும். தட்டத் தட்டித் தொரத்துவேன். இந்தக் காட்டுல எங்க என்ன கிடைக்கும்னு அதுக்குத் தெரியல. எடம் தெரிஞ்ச பெரிய கரடிங்க கிட்ட விடல. உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பின்னால் கூண்டில் புதிய கரடி புரண்டது. அந்த அம்மா கூண்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இத ஆபீஸ்ல குடுத்துடுங்க. ஜன்னலப் பத்தியும் சொல்லிடுங்க. காத்து இல்லன்னு."

"சொன்னா நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்."

அன்று ஓட்டுநர் கயிற்றை இழுக்கவில்லை. கூண்டிலிருந்த கரடியோடேயே திரும்பி வந்தார். வில்லையை மேலதிகாரியின் மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மேலதிகாரி நல்ல மனிதர். டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்தார். காட்டில் விட்ட மற்ற கரடிகளைத் தேடி ஆட்கள் போனார்கள். கிடைத்தவற்றில் பாதிக்குமேல் செத்திருந்தன. இடம் மாற்றும் வேலை நிறுத்தப்பட்டது. திருப்பிக் கொண்டுவந்த கரடியை ஊருக்கு மேலே, அதன் சொந்த மலையிலேயே விட்டார்கள். ஊரிலுள்ள எல்லாக் குப்பைத்தொட்டிக்கும் கரடியால் திறக்க முடியாத கொக்கி போட முடிவானது.

எவ்வளவு சரியான முடிவு! கரடிகளுக்கு நல்லது, ஊருக்கு நல்லது. இப்போது கரடி இறங்கி வருகிறது, தொட்டியை உருட்டிப் பார்க்கிறது, திறக்கவில்லை என்றதும் மலைக்கே போய்விடுகிறது. தெருத்தெருவாகப் போய்க் கொக்கி மாட்டும் வேலை மச்சானுக்குக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு தொட்டியாக மாட்டி, இழுத்துப் பார்த்து, அடுத்ததுக்குப் போவார்.

7

கதை இங்கேயே முடியலாம். ஆனால் முடிந்த மாதிரி இல்லை. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் மழைக்காரம்மா மாற்றல் கிடைத்து எங்கள் ஊருக்கே வருகிறார். பேருந்து நிலையத்தில் மச்சான் கொக்கி மாட்டிக்கொண்டிருக்கும்போது — வேண்டாம். நானே நம்பவில்லை.

இரண்டாவதில் அந்த அம்மா வில்லையை ஓடையில் எறிந்துவிடுகிறார், வண்டி தொடர்ந்து வருகிறது, கரடிகள் தொடர்ந்து சாகின்றன, இருவரும் டீ குடிக்கிறார்கள். கூர்மையான முடிவு. என் நண்பர்கள் பாராட்டுவார்கள். ஆனால் அந்த அம்மா அப்படிச் செய்யவில்லை. நேரில் பார்த்தே இராத ஒருவரை, அவர் இருப்பதைவிட மோசமாக்க எனக்கு என்ன உரிமை?

மூன்றாவதில் எதுவும் நடக்கவில்லை. காலையில் அவர் மழையளவைச் சொல்கிறார், "சரி, அடுத்தது" என்கிறார்கள். இதுதான் நிஜம் என்று தோன்றியது. எழுதி முடித்ததும் எழுந்துபோய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு ஞாயிறு மச்சானிடமே கேட்டேன். "அங்க போகக் கூடாதுன்னு தடை ஏதாவது இருக்கா?"

"இல்லையே. சோதனைச்சாவடியில பேரச் சொன்னா பகல்ல யாரையும் விடுவாங்க."

"அப்ப ஒரு தடவ போய்ட்டு வரலாமே மச்சான்?"

"என்னன்னு சொல்லிட்டுப் போறது?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார். எழுதிப் பிழைக்கிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

8

போன ஞாயிறு முழுக்கதையையும் அவர் கையில் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம். ஐந்தாம் பகுதி வந்ததும் விரல் நின்றது. அடைப்புக்குறிக்குள் இருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"அது சும்மா கற்பனை அண்ணே" என்றாள் மனைவி அவசரமாக. "எடுத்துடுவாரு. நான் அப்பவே சண்ட போட்டேன்."

"பேக்கரி இல்ல" என்றார் மச்சான்.

எங்களுக்குப் புரியவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. சத்துணவுக் கூடத்துத் தொட்டி. மூடிய நான் திறக்கல மாப்ள. திறந்து கிடந்துச்சு. மூடணும்னு கிட்ட போனேன். மூடாம வந்துட்டேன்."

மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிலேருந்து தெனமும் அதுல வந்து மேஞ்சு, ஒரு வாரத்துல ஒண்ணு மாட்டுச்சு. சின்னது. அதுவரைக்கும் கீழ வந்து பழக்கமே இல்லாதது. நாந்தான் ஓட்டிட்டுப் போனேன். பாட்டு வேற போட்டுக்கிட்டுப் போனேன்." தாளை மேசையில் வைத்து, நான்கு ஓரமும் சேரும்படி தட்டி அடுக்கினார். "அந்த மஞ்ச வில்ல அதோடதுதான். அவங்களுக்குத் தெரியாது. சொல்லல நான்."

நான் கதைக்காகப் பொய்யாக இட்ட முடிச்சு. அது அந்த மனிதரின் கழுத்தில் முன்பே கிடந்திருக்கிறது.

பிறகு அவர் கேட்டார்: "மாப்ள, உங்க கார் ஒரு நாள் வேணும்."

"எடுத்துக்குங்க மச்சான். எங்க?"

என் மனைவி எழுந்துபோய் வெங்காயக் கூடையைத் துழாவத் தொடங்கினாள்.

9

இன்று காலை வெளிச்சம் வந்ததும் மச்சான் வந்துவிட்டார். சட்டை புதிது, மடிப்புக் கோடு அப்படியே தெரிந்தது. மனைவி வெங்காயம், உருளைக்கிழங்கு, பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முன்சீட்டில் வைத்தாள். அவர் அந்தப் பையை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம்மா. இது இருந்தா, இத குடுக்க வந்தேன்னு சொல்லிடுவேன்."

"அப்ப என்னன்னுதான் அண்ணே சொல்லுவீங்க?"

"அந்தக் குட்டியப் பத்திச் சொல்லணும். மூடாம வந்தத."

"அதச் சொல்லி முடிச்சதுக்கு அப்புறம்?"

மச்சான் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். என் மனைவி, பெண் பார்த்து ஓய்ந்தவள், அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"சும்மாதான் வந்தேன்னு சொல்லுங்க."

அவர் உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தார். நாம் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிற சொல். பக்கத்து வீட்டுக்காரரிடம், தெருமுனையில், தொலைபேசியில். காரணமே இல்லாமல் ஒருவரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று அதற்குப் பொருள். இத்தனை வருஷம் அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு மனிதர் கரடிகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

கார் தெருமுனை திரும்பியது. அந்தக் காட்டில் தொலைபேசி எடுக்காது. இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. சோதனைச்சாவடியைக் கடந்திருப்பார். மேடேறுகிற என் காரின் சத்தம் அந்த அம்மாவுக்குப் பழக்கமில்லாதது, யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். திறந்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, போய்விடுங்கள் என்று சொல்லலாம். நானும் தட்டைத் தட்டித் துரத்தினேனே என்று சொல்லலாம். மூன்றையும் எழுதும் திறமை எனக்கு உண்டு. ஆனால் மனைவி எதிரே உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எழுதாதீங்க. ஏற்கனவே ஒண்ணு எழுதி, அது நெசமாயிடுச்சு."

அதனால் நான் நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கதவு திறக்கட்டும், திறக்காமல் போகட்டும், உங்கள் விருப்பம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் போகிற காரின் பின்னால் தயவுசெய்து எதையும் மாட்டிவிடாதீர்கள்.